தவளை வண்டியின் புகை

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவுக்குக் கொசு மருந்து அடிப்பவர் வருவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். நேற்று சாயங்காலம் வந்தார். தோளில் தொங்கிய இயந்திரம் படபடவென்று கத்த, தெருவில் எல்லா வீட்டு ஜன்னல்களும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நான் மட்டும் எழுந்து போய் எங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டேன். "ஏனுங்க, கொசு நீங்கதானா?" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். அதற்குள் அடுப்பில் இருந்த பாலெல்லாம் புகை வாசம் பிடித்துவிட்டது. ஓய்வு பெற்றவன் வீட்டில் செய்கிற காரியத்துக்கெல்லாம் காரணம் சொல்லி மாளாது என்பதால் புகையை இழுத்தபடி நின்றேன்.

நான் தேடிய வாசம் அது இல்லை. அது வேறு, இது வேறு. ஆனால் எண்ணெய் எரிந்த புகையை இழுத்தால் தொண்டையில் ஒரு பிசுக்கு படியும் பாருங்கள், அது மட்டும் ஒன்று. அந்தப் பிசுக்குப் போதும், எனக்குத் தவளை ஞாபகம் வந்துவிடும். தவளை வந்தால் பின்னாலேயே அண்ணன் வந்துவிடுவார். அண்ணன் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நேற்றும் இறங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுவே எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேராகச் சொல்கிற விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

தவளை என்பது ஒரு வண்டி. நான்கு சக்கரம், ஒரு எஞ்சின், உட்கார ஒரு பலகை, பின்னால் மூட்டை ஏற்ற ஒரு இரும்புத் தட்டு, அவ்வளவுதான். இப்போது ஏற்காட்டுப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் மண் மேட்டில் ஏற்றி இறக்கி விளையாட நாலு சக்கர பைக் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் 'இதை எங்கள் அண்ணன் எப்போதோ செய்துவிட்டார்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன். யாரும் நம்பியதில்லை.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. ஐந்து கொட்டகை. இரண்டு ஓடைக்கு இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். தீவன மூட்டை இந்தப் பக்கத்துக் குடோனில் இருக்கும். மழைக்காலத்தில் சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கினால் சைக்கிள், மூட்டை, ஆள் மூன்றும் மூன்று திசைக்குப் போகும். நான் அப்படி ஒரு தடவை விழுந்து எழுந்தபோது அண்ணன் முதலில் ஓடிப்போய்த் தூக்கியது மூட்டையைத்தான். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை என்பதிலிருந்து என் குணம் உங்களுக்குப் புரியும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பேச்சு குறைவு. பேசினால் அது பெரும்பாலும் என்னைப் பற்றிய குறையாக இருக்கும். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நான்கு வருஷம் அவரோடு பண்ணையில் இருந்தேன். ஒரு ஸ்பேனரைக் கேட்டால் வேறு அளவு ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். "உன்ற கை பேனா புடிக்கத்தான்டா ஆகும்" என்பார். வேலைக்கு வரும் பெண்கள் முன்னாலேயே சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அண்ணனுக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். பட்டறை மூலையில் கிடந்த ஆங்கிள் இரும்பை வைத்து, உடம்பு துருப்பிடித்துச் செத்துப்போன ஒரு ஸ்கூட்டரின் எஞ்சினைப் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் போய் அண்ணன் அந்த வண்டியைக் கட்டினார். பலகை மேலே லாரி சீட்டின் பூப்போட்ட ரெக்சின். முடிந்ததும் பட்டறைப் பெயிண்டர், லாரி முகப்பில் கண்திருஷ்டிக்கு எழுதுவது போலவே, முன்பக்கத் தகட்டில் இரண்டு உருண்டைக் கண்களை எழுதிவிட்டார். வரப்பில் ஏறினால் ஒரு குதி, இறங்கினால் ஒரு குதி. கண்ணும் அப்படி, நடையும் அப்படி. தவளை என்று பெயர் வைத்தது நங்கைதான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது. "ஏனுங்க, இது வண்டியா, தவளையா?" என்று கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் சிரித்ததை நான் பார்த்த மிகச் சில நாட்களில் அது ஒன்று.

ஓட்டுவது என் வேலை. நான்கு வருஷமும் ஓட்டினேன். ஆனால் பெட்ரோல் ஊற்றும் வேலையை மட்டும் அண்ணன் என்னிடம் விட்டதே இல்லை. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மற்ற வண்டிகள் போல எஞ்சினுக்குள் தனியாக எண்ணெய் நிற்காது. பெட்ரோலோடு கலந்து ஊற்றினால்தான் உண்டு. கலக்க மறந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உராய்ந்து இறுகிவிடும். அன்றெல்லாம் பங்க்கில் பெட்ரோல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே எண்ணெய்க்கு ஒரு சின்னக் கைப்பம்பு நிற்கும், கண்ணாடிக் குடுவைக்குள் எண்ணெய் ஏறி இறங்குவது தெரியும். அண்ணன் அதை நம்பமாட்டார். எண்ணெயைத் தனி டப்பாவில் வாங்கி வந்து, கோழிக்குத் தண்ணீரில் கலந்து வைக்கும் வைட்டமின் பாட்டிலின் மூடியால் அளந்து ஊற்றுவார். லிட்டருக்கு இரண்டு மூடி. அந்த நீல மூடியில் ஓட்டை போட்டு, சணல் கயிற்றால் பெட்ரோல் டேங்க்கின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார். டேங்க்கைத் திறக்கிற கை மூடியைத் தொடாமல் திறக்க முடியாது. வரப்பில் ஏறும்போதெல்லாம் அது டேங்க்கில் தட்டி டொக் டொக் என்று கேட்கும்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் அவர் ஒன்று செய்வார். சைலன்சர் வாயில் ஆள்காட்டி விரலை வைத்து எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். கருப்பாக, ஈரப் பிசுக்காக இருக்க வேண்டும். இருந்தால் விரலை லுங்கியில் துடைத்துவிட்டுப் போய்விடுவார். எல்லா லுங்கியிலும் வலது தொடைக்கு நேராக ஒரு கருப்புத் தீற்று இருக்கும். "எந்தச் சோப்புக்கும் போவமாட்டீங்குதுங்க தம்பி, உங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க" என்று துவைக்கும் கல்லிலிருந்து நங்கை என்னிடம் முறையிடுவார். நான் எங்கே சொல்ல.

தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலப்போம். அந்த வாசமும், தவளையின் புகையும், பக்கத்துக் காடுகளில் மஞ்சள் வேகவைக்கிற வாசமும் சேர்ந்து என் சட்டையில் குடியிருந்தன. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று சேலத்துக்குப் பஸ் ஏறினால் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரமாட்டார்கள். நல்ல கூட்டத்திலும் ராஜா மாதிரி தனியாகப் போவேன். அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்து பெண் பார்த்த அன்று, குளித்து, புதுச் சட்டை போட்டு, பவுடரும் அடித்துத்தான் போனேன். அப்படியும் என் மனைவி பிற்பாடு சொன்னாள், காபி கொடுக்கக் குனிந்தபோது லாரி ஷெட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது என்று. எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பது நல்லது.

பிறகு எனக்குச் சேலத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பெட்டியோடு போய் நின்றேன். அண்ணன் தவளைக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. "அண்ணா, போய்ட்டு வாரேன்" என்றேன். "ம், செரி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான். பஸ் ஏறும்வரை எனக்குக் கோபம். சேலம் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால், புதிதாக வாங்கிய இரண்டு வெள்ளைச் சட்டைகள், மேலே ஒரு பேனா. கடைக்குப் போய் அவரே வாங்கியிருக்கிறார். பெட்டிக்குள் எப்போது வைத்தார் என்று தெரியாது.

நான் போன பிறகும் தவளை பல வருஷம் ஓடியது. அப்புறம் கோழி கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு கொட்டகையாகக் காலியாயிற்று. தவளையைக் குடோனில் தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பதினாறு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது இரண்டரை வருஷத்துக்கு முன்பு. வலது பக்கம் போயிற்று. பேச்சு முழுதாகப் போயிற்று. குறைவாகப் பேசிய மனிதர் என்பதால் முதல் சில நாட்கள் எனக்கு அதன் கனம் தெரியவே இல்லை என்று சொன்னால் என்னைத் திட்டாதீர்கள். சக்கர நாற்காலியில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருப்பார்கள். கண் திறந்திருக்கும். எதையும் பார்க்காது. டாக்டர், நாம் பேசுவது அவருக்கு விளங்குவது போலத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நங்கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி, ஒரு வாய் வாங்கிக்குங்க சாமி" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிச் சொல்லி ஊட்டுவார். ஊட்டும்போது ஊர்க்கதை எல்லாம் சொல்வார், பதில் வந்த மாதிரி நிறுத்தி நிறுத்தி.

போன வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயம். நங்கை போன் செய்தார்.

"தம்பி, கார்த்தி வந்துருக்கானுங்க. குடோனக் காலி பண்ணோணுங்கறான். தவளையும் பழைய இரும்புக்குப் போவுதாமா. அவர ஒரு ஹோமுல கொண்டுபோய் உடலாங்கறானுங்க, கோயமுத்தூர்ல. நா அவங்கூடப் பெங்களூர் போயிரோணுமாமா."

கார்த்தி அவர்கள் பையன். பெங்களூரில் வேலை. அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனும் போனை வாங்கிப் பேசினான். "சித்தப்பா, அம்மாவால தூக்க முடியல. போன மாசம் ரெண்டு பேருஞ் சேந்து உழுந்துட்டாங்க. அப்பாவுக்கு நாம யாருன்னு தெரிஞ்சா நானே வேலைய உட்டுட்டு இங்க வந்துருவேன். சத்தியமா வருவேன். தெரியலையே. அவருக்கு எங்க இருந்தா என்ன?"

நங்கை மறுபடி வாங்கினார். "தம்பி, தவளை போறதுக்கு முன்னால ஒருக்காக் கெளப்பி உடுங்களே. அந்தச் சத்தங்கூடவா அவருக்குத் தெரியாமப் போயிரும்? ஒரு கண்ணு சிமிட்டட்டும், கை அசையட்டும், நா கார்த்திகிட்டச் சொல்லிக்கறேன்."

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போயிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கு ஒரு வீம்பு. பேனா பிடித்த இந்தக் கையாலேயே அவர் கண் முன்னால் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று. ஒரு சனிக்கிழமை காலை ஸ்பேனர் செட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

தார்ப்பாயை விலக்கியதும் இரண்டு உருண்டைக் கண்கள், பெயிண்ட் உரிந்து, என்னைப் பார்த்தன. சக்கரம் நான்கும் மண்ணில் இறங்கியிருந்தன. காற்றுவடிகட்டிக்குள் எலி கூடு கட்டி, குட்டி போட்டு, அடுத்த தலைமுறையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. டேங்க்கைத் திறந்தால் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து வார்னிஷ் வாசம் வந்தது. டேங்க்கின் கழுத்தில் ஒரு சணல் கயிறு தொங்கியது. நுனியில் ஒன்றும் இல்லை, எலி கடித்த பிசிறுதான். கையில் சிக்கிச் சிக்கித் தொந்தரவு செய்தது. கத்தரிக்கோலால் நறுக்கி வாசலில் எறிந்தேன்.

எறியும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றுமே தோன்றவில்லை.

இரண்டு நாள் வேலை. டேங்க்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, அதிலுள்ள ஊசித்துளையைப் பித்தளைக் கம்பியால் குத்தி அடைப்பை நீக்கினேன். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தேன். மண்ணில் புதைந்த சக்கரங்களைப் பெயர்த்தெடுத்துக் காற்றடித்தேன். எஞ்சின் இறுகியிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். மறுநாள் காலையில் கிக்கரை மிதித்ததும் உள்ளே மெதுவாக நெகிழ்ந்து கொடுத்தது. அந்த நெகிழ்வைக் காலில் உணர்ந்தபோது கத்திவிட்டேன். என் வாழ்க்கையில் கையால் செய்து பலித்த முதல் காரியம் அது. கார்த்திகூட, "சித்தப்பா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு நானே போய்ப் பெட்ரோல் வாங்கி வந்தேன். வாங்கியதை அப்படியே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணனின் நாற்காலியை வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். நங்கை அவருக்குத் தலை சீவி, திருநீறு வைத்து, வெளுத்த லுங்கி கட்டிவிட்டிருந்தார். தீற்று இல்லாத லுங்கி. நான் மிதித்தேன். பத்து மிதி, இருபது மிதி. முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. கார்த்தி வந்து ஒரு கை கொடுத்தான், அவன் நாலு மிதிதான் மிதித்திருப்பான், எஞ்சின் ஒரு தும்மல் போட்டு, இன்னொரு தும்மல் போட்டு, பிடித்துக்கொண்டது.

என்ன சத்தம் அது. காலி கொட்டகைகளில் எல்லாம் முட்டித் திரும்பி வந்தது. முதலில் ஊறவைத்த டீசல் எரிந்து வெள்ளைப் புகையாகக் கொட்டியது. நாங்கள் இருமிக்கொண்டே சிரித்தோம். நான் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அண்ணன் முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் முடுக்கிக்கொண்டே இருந்தேன். புகை குறைந்து குறைந்து நின்றேவிட்டது. "புகையே இல்லையே சித்தப்பா, சூப்பரா இருக்குது!" என்றான் கார்த்தி. எனக்குப் பெருமை.

அப்போது அண்ணனின் இடது கை நாற்காலிக் கட்டையிலிருந்து மேலே வந்தது.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கை தானாக எழுந்ததில்லை. எழுந்து, நடுங்கி, நின்றது. கண் சைலன்சரைப் பார்த்தது. ஆமாம், பார்த்தது. விரல்கள் ஒன்றோடொன்று உரசின. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. நங்கை அழுதுகொண்டே, "பாருங்க தம்பி! பாருடா கார்த்தி! கையாட்டறாருங்க! தெரியுதுங்க அவருக்கு!" என்று கத்தினார். அண்ணனுக்குச் சந்தோஷம், இன்னும் கேட்கட்டும் என்று நான் இன்னும் முடுக்கினேன். அவர் கை இன்னும் வேகமாக ஆடியது. நான் இன்னும் முடுக்கினேன்.

கிறீச்சென்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தேன். சிமெண்டில் பதித்த கம்பி மாதிரி இருந்தது. காகம் கத்துவது கேட்டது.

இறங்கிப் பின்னால் போய், ஏன் என்று தெரியாமலே, சைலன்சர் வாயில் விரலை வைத்து எடுத்தேன். காய்ந்த சாம்பல். ஈரம் இல்லை, பிசுக்கு இல்லை. நிமிர்ந்தேன். அண்ணன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் விழுந்திருந்த அவருடைய கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த நறுக்கிய கயிறு ஞாபகம் வந்தது. நீல மூடி ஞாபகம் வந்தது. அவர் கையாட்டவில்லை. எண்ணெய் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தச் சொல்லியிருக்கிறார். எங்கள் எல்லாரையும்விட அவருக்கு அன்று புத்தி தெளிவாக இருந்தது.

"என்னாச்சுங்க சித்தப்பா?" என்றான் கார்த்தி.

"பழைய எஞ்சின்ப்பா. அதோட ஆயுசு அவ்வளவுதான்" என்றேன். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாக்கியம்தான். வெட்கத்தில் வந்தது. பையன் முன்னால், என் விரலையே பார்த்துக்கொண்டிருந்த அவர் முன்னால், 'நான்தான் எண்ணெய் ஊற்ற மறந்தேன்' என்று வாயில் வரவில்லை. கார்த்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது சத்தத்துக்குத் தானா நடுங்குறதும்மா. டாக்டர் சொன்னாரில்ல" என்றான். நங்கை என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அது வெறும் நடுக்கம் இல்லை, அவர் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார் என்று நான் சொல்லியிருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன். போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். போனில் எப்படிச் சொல்வது, நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளைத் தள்ளிப்போட்டுப் பழகியவனுக்கு இதெல்லாம் சுலபம். பன்னிரண்டாம் நாள் அண்ணனைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இடம் சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, எண்ணெய் ஊத்த மறந்துட்டேங்ண்ணா" என்றேன். கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. விரல் அசையவில்லை. தை பிறப்பதற்குள் சளி நெஞ்சில் கட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தங்கள் கலைந்த பிறகு, நங்கையிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மூடி, கயிறு, சைலன்சர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுவார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியுமுங்க தம்பி" என்றார். "மக்யா நாளு காத்தால வாசல் மூலையக் கூட்டறப்பக் கயிறு கெடந்துது. பாத்ததுமே அவரு வெரலத் தேச்சது எதுக்குன்னு புரிஞ்சு போச்சுங்க. எத்தன லுங்கி தொவச்சிருப்பேன் நானு. கார்த்திகிட்டச் சொன்னேன், நீயா நெனச்சுக்கறேம்மான்னுட்டான். நீங்க சொன்னா நம்புவான்."

"என்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமுங்களே, நங்கை?"

"கேட்டா உங்களக் குத்தஞ் சொன்ன மாதிரி ஆயிருமுங்களே" என்றார். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தனுங்க. வண்டி வந்து அவர ஏத்தற வரைக்கும் பாத்தேன்."

அதைச் சொல்லிவிட்டு, "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

இப்போது நங்கை பெங்களூரில் இருக்கிறார். போன் செய்தால், "நல்லாருக்கீங்ளா தம்பி, நல்லாருக்கேனுங்க" என்கிற அளவில் நின்றுவிடும். குடோன் இருந்த இடம் தரைமட்டம். கொட்டகைகள் இல்லை. தவளையை இரும்புக்காரர் லாரியில் ஏற்றும்போது நான் போகவில்லை. ஏற்றியவர்கள் கண்ணெழுதிய தகட்டை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி. கருவாட்டு வாசம் என் சட்டையைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, பஸ்ஸில் இப்போது எல்லாரும் தாராளமாகப் பக்கத்தில் உட்காருகிறார்கள். சாலையில் நீலப்புகை விட்டுக்கொண்டு போகிற வண்டியையும் காணோம்.

போன வாரம் மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில், அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பங்க்கில் என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றேன். எண்ணெய்க் கைப்பம்பு இருந்திருக்கக்கூடிய மூலையில் மணல் வாளி தொங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ, பெட்ரோல் போட்ட பெண்ணிடம், "ஏம்மா, முன்னெல்லாம் பெட்ரோல்ல கலக்க எண்ணெய் போடுவாங்களே, இப்ப இல்லையா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"எதுக்கு சார் எண்ணெய் கலக்கணும்?"

பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். "சும்மாதாம்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் சொல்லவில்லை.